முன்கதவால் வெளியேறிய மேஜர்

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவில் வாசியுங்கள்.

பனிப்போர் பாடம் நடத்தும்போது மாணவர்கள் பேர்லின் சுவர், கியூபா, ஏவுகணை என்று மளமளவென்று ஒப்புவிப்பார்கள். அந்தப் போர் ஒரு மனிதனின் சம்பளப் பட்டியலுக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் எப்படிப் புகுந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அவர்களில் குறை இல்லை. பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஒரு ஐஸ் ஹொக்கி வீரர். பெயர் வியாச்செஸ்லாவ் ஃபெட்டிசோவ். சுருக்கமாக ஸ்லாவா.

ஐஸ் ஹொக்கி நமக்குத் தூரத்து விளையாட்டு. குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே பனிக்கட்டியைக் காணாதவர்கள் நாம். ஆகவே இரண்டு வரி விளக்கம். ஒரு பக்கத்தில் கோல் காப்பாளரைத் தவிர ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள். மூவர் முன்கள வீரர்கள், இருவர் பின்களத் தடுப்பாளர்கள். பந்துக்குப் பதிலாக ஓர் இறப்பர் வட்டு. அதைப் 'பக்' என்பார்கள். ஆட்டத்தின் வேகத்தில் ஒரு நிமிடம் தாண்டி யாரும் களத்தில் நிற்க முடியாது. ஐவர் ஐவராக மாறிக்கொண்டே இருப்பார்கள். ஃபெட்டிசோவ் தடுப்பாளர்.

கனடாக்காரர்களின் பழைய பாணி நேர்கோட்டுப் பாணி. வட்டை எதிரியின் மூலைக்கு அடித்துவிடுவது, பின்னால் துரத்திப் போவது, வழியில் நிற்பவனைத் தோளால் இடித்துச் சாய்ப்பது. சோவியத் ஒன்றியத்தில் அனடோலி டராசோவ் என்ற பயிற்றுவிப்பாளர் வேறொன்றை உருவாக்கினார். சதுரங்கத்திலிருந்தும் பாலே நடனத்திலிருந்தும் எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்தார். வட்டைக் கையில் வைத்திருப்பவனைவிட வட்டு இல்லாத நால்வரும் எங்கே ஓடுகிறார்கள் என்பதே அவருக்கு முக்கியம். வழி இல்லையென்றால் பின்னால் கொடு, திரும்பி வட்டமடி, மீண்டும் தொடங்கு. வட்டைச் சும்மா தூக்கிக் கொடுக்காதே. 1972இல் கனடாவின் தொழில்முறை வீரர்களும் சோவியத் அணியும் முதன்முறையாக எட்டு ஆட்டத் தொடரில் மோதின. கனடா நான்கில் வென்றது, சோவியத் மூன்றில், ஒன்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் முடிய 34 விநாடிகள் இருக்கும்போது அடித்த கோலால்தான் கனடா தப்பியது. இலகுவாக வெல்வோம் என்று வந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

அப்போது ஃபெட்டிசோவுக்கு 14 வயது. 1958 ஏப்ரல் 20இல் மொஸ்கோவில் பிறந்தவர். பல குடும்பங்கள் ஒரே வீட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுக் குடியிருப்பில் வளர்ந்தவர். இராணுவத்தின் கழகமான சிஎஸ்கேஏ நடத்திய சிறுவர் பயிற்சியில் சேர்ந்து, பதின்ம வயது முடியுமுன்னே பெரிய அணிக்குள் வந்துவிட்டார். தடுப்பாளர் என்றால் தன் கோலுக்கு முன்னால் நின்று காவல் காப்பவன் என்பதுதான் பழைய எண்ணம். இவர் அப்படி நிற்கவில்லை. எதிரியின் காலிலிருந்து வட்டைப் பறித்தவுடன் தலையை உயர்த்துவார். களம் முழுவதும் அந்த ஒரு பார்வைக்குள் வந்துவிடும். முதல் பாஸிலேயே எதிரணியில் மூவர் ஆட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். அடுத்த கணம் அவரே தாக்குதலின் நான்காவது ஆளாக முன்னே இருப்பார். பழைய ஆட்டங்களின் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. வட்டைத் தேடாமல் 2ஆம் இலக்கச் சட்டையை மட்டும் பாருங்கள்.

அவரோடு ஆடிய நால்வரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சக தடுப்பாளர் அலெக்ஸி கசடோனோவ். முன்களத்தில் க்ருடோவ், லாரியோனோவ், மகாரோவ். பயிற்சியில் பச்சை மேற்சட்டை அணிந்ததால் இந்த ஐவருக்கும் பச்சைக் குழு என்று பெயர். 80களில் உலகின் எந்த அணியும் இவர்களைப் பார்த்துப் பயந்தது. ஃபெட்டிசோவ் 1984இலும் 1988இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். உலகச் சம்பியன் பட்டம் மொத்தம் ஏழு. 1981 கனடா கிண்ண இறுதியாட்டத்தில் கனடாவை அதன் சொந்த மண்ணிலேயே 8-1 என்று அடித்தார்கள். 1987இல் அதே கிண்ணத்தின் இறுதித் தொடர் மூன்று ஆட்டங்கள், மூன்றும் 6-5. இம்முறை கனடா தப்பியது. ஐஸ் ஹொக்கி தெரிந்தவர்கள் இன்றும் அந்த மூன்று ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இடையில் ஒரு தோல்வி. 1980 பெப்ரவரி 22, அமெரிக்காவின் லேக் பிளாசிட். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கல்லூரி மாணவர்களை வைத்துக் கட்டிய அமெரிக்க அணி 4-3 என்று சோவியத்தைத் தோற்கடித்தது. அமெரிக்கா அதை இன்றும் அதிசயம் என்று கொண்டாடுகிறது. அந்த ஆட்டத்தில் தோற்ற பக்கம் நின்றவர்களில் 21 வயது ஃபெட்டிசோவும் ஒருவர். வெற்றியின் கதையைப் பல திரைப்படங்கள் சொல்லிவிட்டன. அதற்குப் பிறகு தோற்றவர்களின் வாழ்க்கையில் என்ன இறுகியது என்பதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இறுகியது பயிற்றுவிப்பாளர் விக்டர் டிக்கொனோவின் பிடி. டராசோவுக்குப் பின்னர் சில ஆண்டுகள் கழித்து 1977இல் சிஎஸ்கேஏ கழகமும் தேசிய அணியும் இவரது கைக்கு வந்தன. வீரர்கள் வருடத்தில் பத்து, பதினொரு மாதம் மொஸ்கோவுக்கு வெளியே ஒரு முகாமில் அடைந்து கிடந்தார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை பயிற்சி. மனைவி பிள்ளைகளைப் பார்க்க எப்போதாவது ஓர் இரவு. தந்தை மரணப் படுக்கையில் இருந்தபோதும் வீட்டுக்குப் போக அனுமதி கிடைக்காத வீரரின் கதையை அவருடைய சக வீரர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். உலகின் சிறந்த கோல் காப்பாளர் ட்ரெட்யாக், வீட்டில் இருந்தபடி பயிற்சிக்கு வந்துபோக அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. 1984இல், 32 வயதில் ஓய்வு பெற்றார். கோல் காப்பாளருக்கு அது ஓயும் வயது அல்ல.

டிக்கொனோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் வென்றார். ஒலிம்பிக் தங்கம் மூன்று முறை. சிஎஸ்கேஏ 1977 தொடங்கி 1989 வரை தொடர்ந்து 13 முறை சோவியத் லீக் சம்பியன். அவற்றில் முதலாவதைத் தவிர மற்றவை அவருடைய காலத்தவை. ஆனால் அந்த 13இல் இன்னொரு கணக்கும் உண்டு. இராணுவச் சேவை கட்டாயமாக இருந்த நாட்டில், இராணுவத்தின் கழகம் எந்த ஊரின் எந்த நல்ல வீரனையும் 'சேவைக்கு' அழைத்துக்கொள்ளலாம். மற்றக் கழகங்கள் வளர்த்துக் கொடுக்கும், இவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதைப் போட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஏற்பாட்டில் வீரர்கள் யாரும் தொழில்முறை வீரர்கள் அல்லர். காகிதத்தில் எல்லோரும் இராணுவ அதிகாரிகள். ஃபெட்டிசோவ் மேஜர் வரை உயர்ந்தார். பதவி உயர்வு என்பது கௌரவம் மட்டுமல்ல, ஒரு பூட்டும்கூட. சாதாரண மனிதன் வேலையை விட்டால் அது இராஜினாமா. அதிகாரி சொல்லாமல் போனால் அது படையிலிருந்து தப்பியோடிய குற்றம்.

1983இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி டெவில்ஸ் கழகம் அவருடைய பெயரைத் தன் தெரிவுப் பட்டியலில் 145ஆவது இடத்தில் எழுதிவைத்தது. உலகின் முதல்தரத் தடுப்பாளருக்கு 145ஆவது இடம்! திறமையை அளந்து கொடுத்த இடம் அல்ல அது. இவர் எப்போதாவது வருவாரா என்ற நம்பிக்கையை அளந்த இடம்.

1985இல் ஒரு துயரம். ஃபெட்டிசோவ் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி, கூட வந்த தம்பி அனடோலி இறந்துபோனான். பதின்ம வயது. அவனும் வளர்ந்துவரும் ஹொக்கி வீரன். விளையாட்டையே விட்டுவிடும் நிலைக்குப் போய்த்தான் ஃபெட்டிசோவ் திரும்பி வந்தார். இதைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் எழுதுவதில்லை, நானும் நீட்டவில்லை.

1988 கல்கரி ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு கதை திரும்புகிறது. கொர்பச்சேவின் காலம். அமெரிக்கா செல்ல விடுவோம் என்று ஃபெட்டிசோவுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு அது இழுபட்டது. இன்று, நாளை, அடுத்த பருவம். அரச நிறுவனம் ஒன்று வீரர்களை வெளிநாட்டுக் கழகங்களுக்கு 'ஏற்றுமதி' செய்து, சம்பளத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு, ஒரு சிறு தொகையை வீரனின் கையில் வைப்பதாக ஏற்பாடு. ஃபெட்டிசோவ் மாட்டேன் என்றார். அவர் பேராசைக்காரர் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சோவியத் அரசு தன் பதாகைகளில் எழுதிவைத்த பழைய கேள்வியைத்தான் அவர் அந்த அரசிடமே திருப்பிக் கேட்டார்: உழைப்பு யாருடையது?

நியூ ஜேர்சிக் கழகத்தின் நிர்வாகி லூ லாமொரெல்லோ மொஸ்கோவுக்கே வந்தார். ஓடிவருவதானால் ஒழுங்கு செய்கிறோம் என்ற வாய்ப்பும் இருந்தது. ஃபெட்டிசோவ் மறுத்தார். பெற்றோர் இருந்தார்கள். தான் கப்டனாக இருந்த அணி இருந்தது. பின்கதவால் ஓடினால் தன் பெயர் துரோகியின் பெயராகிவிடும். போனால் கடவுச்சீட்டில் முறையான விசாவோடு, எல்லோரும் பார்க்க, முன்கதவால் போவேன். அதுதான் அவர் பிடித்த பிடி. இந்த ஒரு பிடிவாதத்துக்காகத்தான் நான் இந்தப் பதிவையே எழுதத் தொடங்கினேன்.

1988 ஒக்டோபரில் லாரியோனோவ் 'ஒகன்யோக்' சஞ்சிகையில் டிக்கொனோவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். முகாம் வாழ்க்கை முழுவதையும் அதில் போட்டு உடைத்தார். 1989 ஜனவரியில் ஃபெட்டிசோவ் ஒரு மொஸ்கோப் பத்திரிகை மூலம் இனி டிக்கொனோவின் அணியில் ஆடமாட்டேன் என்று அறிவித்தார். அதன் பிறகு பயிற்சிக் களத்தின் கதவுகள் மூடின. நண்பர்களின் தொலைபேசிகள் ஓய்ந்தன. கியேவ் நகரில் பொலிஸாரிடம் அகப்பட்டு அடிபட்டதை அவரும் மனைவி லாடாவும் பின்னர் ஆவணப்படம் ஒன்றில் சொன்னார்கள். பாதுகாப்பு அமைச்சர் மார்ஷல் டிமித்ரி யாசோவின் அறைக்கு அழைக்கப்பட்டுத் திட்டு வாங்கினார். அப்படியிருந்தும் இராணுவத்திலிருந்து விலகும் கோரிக்கையை மீளப் பெறவில்லை.

எல்லாவற்றிலும் வலித்தது வேறொன்று. பத்து வருடம் தோளோடு தோள் நின்ற கசடோனோவ் அவர் பக்கம் நிற்கவில்லை. மற்ற மூவரும் நின்றார்கள். மகாரோவும் லாரியோனோவும் க்ருடோவும் தொலைக்காட்சியில் தோன்றி, ஃபெட்டிசோவ் இல்லாமல் உலகச் சம்பியன் போட்டிக்குப் போகமாட்டோம் என்றார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னர் இதைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரசு இறங்கி வந்தது. ஃபெட்டிசோவ் திரும்பி வந்து கப்டனாக ஸ்டொக்ஹோம் போய்த் தங்கத்தோடு நின்றார்.

அதே ஸ்டொக்ஹோமில் 20 வயது அலெக்ஸாண்டர் மொகில்னி யாருக்கும் சொல்லாமல் அணியைவிட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். அவன்மீது படையை விட்டு ஓடிய வழக்கு. ஒரே பயணம், இரண்டு வழிகள். அந்தப் பையனைக் குறைசொல்ல என் மனம் இடம் தரவில்லை. முன்கதவு திறக்குமென்று 20 வயதில் எவன் நம்புவான்?

அந்தக் கோடையில் கதவு திறந்தது. ஃபெட்டிசோவ் நியூ ஜேர்சிக்கு, லாரியோனோவும் க்ருடோவும் வன்கூவருக்கு, மகாரோவ் கல்கரிக்கு. அதற்குச் சில மாதங்களுக்கு முன் பிரியாகின் என்ற வீரரை அரசு கல்கரிக்கு அனுப்பியிருந்தது உண்மை. ஆனால் அவர் அரசு கொடுத்து அனுப்பியவர். இவர் கேட்டு வாங்கியவர்.

வந்த இடத்தில் மாலையோடு யாரும் காத்திருக்கவில்லை. வயது 31. களம் சிறியது. ஐரோப்பியக் களத்தைவிட அகலம் நான்கு மீற்றர் குறைவு. சுற்றிவர இடமில்லை, நினைக்க நேரமில்லை, திரும்பினால் ஒரு தோள் வந்து இடிக்கும். பார்வையாளர் கூட்டத்திலிருந்து 'கம்யூனிஸ்ட்' என்று கூச்சல். ரஷ்யர்கள் வந்து நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்கள் என்று புறுபுறுப்பு. முதல் பருவத்தில் 72 ஆட்டங்களில் 42 புள்ளிகள் எடுத்தார். மோசமில்லை, ஆனால் உலகம் கண்ட ஃபெட்டிசோவ் அல்ல. சில மாதங்களில் அதே கழகத்துக்குக் கசடோனோவும் வந்து சேர்ந்தார். ஒரே உடைமாற்றும் அறை. இருவருக்கும் பேச்சு இல்லை. வெகுகாலம் கழித்தே அந்த முறிவு ஆறியது.

ஐந்தரைப் பருவம் அப்படியே போனது. 1995 ஏப்ரலில் நியூ ஜேர்சி அவரை டெட்ரொயிட் ரெட் விங்ஸுக்குக் கைமாற்றியது. பதிலுக்கு வாங்கியது மூன்றாம் சுற்றுத் தெரிவு ஒன்றை. கிழட்டுக் குதிரைக்குக் கொடுக்கும் விலை. ரெட் விங்ஸ் பயிற்றுவிப்பாளர் ஸ்கொட்டி போமன் ஒரு பழம்புலி. அவரிடம் ஏற்கனவே ஃபெடரோவ், கொஸ்லோவ், கொன்ஸ்டான்டினோவ் என்று மூன்று ரஷ்யர்கள் இருந்தார்கள். லாரியோனோவையும் வரவழைத்து, 1995 ஒக்டோபர் 27இல் கல்கரிக்கு எதிராக ஐவரையும் ஒன்றாக இறக்கினார். டெட்ரொயிட் 3-0 என்று வென்றது. வட்டு மறுபடியும் பின்னால் போனது, வட்டமடித்தது, காத்திருந்தது. டராசோவின் கூட்டு ஆட்டம், கார் முதலாளிகளின் நகரமான டெட்ரொயிட்டில் மறுபிறப்பு எடுத்தது. அந்தப் பருவத்தில் அந்த அணி 62 வெற்றிகளைப் பெற்றது. இளம் வயதில் முகாமுக்குள் கட்டாயப்படுத்தி ஊட்டப்பட்ட அதே கலையைத் தாங்களாக விரும்பி ஆடியபோது அவர்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது. சோவியத் பாணி தவறு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பூட்டுத்தான் தவறு.

1997 ஜூன் 7இல் ரெட் விங்ஸ் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. 42 வருடங்களுக்குப் பிறகு டெட்ரொயிட்டுக்கு வந்த கிண்ணம். ஃபெட்டிசோவும் லாரியோனோவும் அதைச் சேர்ந்து தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றினார்கள். ஒருவருக்கு 39 வயது, மற்றவருக்கு 36.

ஆறு நாட்கள். ஜூன் 13 அன்று கொண்டாட்டம் முடிந்து திரும்பிய சொகுசுக் கார் மரத்தில் மோதியது. வீரர்கள் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்பதற்காகவே வாடகைக்கு எடுத்த கார் அது. சாரதியின் அனுமதிப்பத்திரமோ இடைநிறுத்தப்பட்டிருந்தது. ஃபெட்டிசோவ் காயங்களோடு தப்பினார். கொன்ஸ்டான்டினோவுக்கும் அணியின் உடல்பிடிப்பாளர் செர்கெய் ம்னட்சகானோவுக்கும் மூளையில் பலத்த காயம். தம்பி போன விபத்துக்கு 12 வருடங்களின் பின் ஃபெட்டிசோவ் மீண்டும் ஒரு விபத்திலிருந்து தான் மட்டும் எழுந்து நடந்தார்.

ஓகஸ்டில் ஃபெட்டிசோவ், லாரியோனோவ், கொஸ்லோவ் மூவரும் அந்தக் கிண்ணத்தை மொஸ்கோவுக்குக் கொண்டுபோய்ச் செஞ்சதுக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டான்லி கிண்ணம் ரஷ்ய மண்ணைத் தொட்டது அதுவே முதல் தடவை. அடுத்த வருடமும் டெட்ரொயிட் வென்றது. களத்துக்கு நடுவே சக்கர நாற்காலியில் கொன்ஸ்டான்டினோவை அழைத்து வந்து கிண்ணத்தை அவர் மடியில் வைத்தார்கள். ஃபெட்டிசோவ் 40 வயதில் அத்தோடு ஓய்வு பெற்றார்.

பிறகு வந்த கௌரவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001இல் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 2008இல் சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம் நூற்றாண்டின் சிறந்த அணியைத் தெரிவு செய்தபோது 56 நடுவர்களில் 54 பேர் இவருக்கு வாக்களித்தார்கள். வேறெந்த வீரருக்கும் அவ்வளவு விழவில்லை. 2009 டிசம்பரில், 51 வயதில், பழைய சிஎஸ்கேஏ சட்டையை மாட்டிக்கொண்டு ஒரேயொரு ஆட்டம் ஆடினார்.

என்னை உறுத்துவது இனிமேல் வருவது. 2002இல் புட்டினின் அழைப்பில் நாடு திரும்பி 2008 வரை ரஷ்ய விளையாட்டுத்துறையின் தலைவர். பிறகு செனட்டர். 2016 முதல் டூமா என்ற நாடாளுமன்றத்தில் ஆளும் கட்சி உறுப்பினர். செனட்டராக இருந்தபோது, 2015இல், அவர் ஒரு யோசனையை முன்வைத்தார்: ரஷ்யாவில் பயிற்சி பெற்ற இளம் வீரர்கள் 28 வயது வரை வெளிநாட்டுக் கழகங்களுக்குப் போகாதபடி செய்ய வேண்டும். அரசு அவர்களுக்குச் செலவழித்திருக்கிறது, அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது வாதம்.

ஆம், அதே ஃபெட்டிசோவ். வாசித்தபோது தேதியை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அவருக்காகப் பேசக்கூடியவர்கள் சொல்வது எனக்கும் தெரியும். 90களில் ரஷ்ய விளையாட்டு மைதானங்கள் பாழடைந்து சந்தைகளானதை அவர் கண்ணால் கண்டார். 18 வயதுப் பையன்கள் கூட்டமாக வெளியேறி, பலர் அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் போனதைக் கண்டார். இலவசமாகக் கற்பித்த நாட்டுக்கு ஒரு கடன் உண்டு என்பதும் பொய் அல்ல. ஆசிரியனாக இருந்துகொண்டு அதை நான் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கடனுக்கு எத்தனை வருடம் தவணை என்று முடிவெடுப்பவன் யார்? 1989இல் யாசோவின் அறையிலும் கிட்டத்தட்ட இந்த வாதம்தான் இருந்தது. மேசைக்கு எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது. அந்த யோசனை சட்டமாகவில்லை. ரஷ்யப் பையன்கள் இன்றும் போகிறார்கள்.

2022இல் உக்ரேன் போர் தொடங்கியதும் மேற்கு நாடுகள் டூமா உறுப்பினர்கள்மீது தடைகளை விதித்தன. ஃபெட்டிசோவும் அதில் அடக்கம். கொன்ஸ்டான்டினோவ் ரஷ்யா திரும்பவேயில்லை. டெட்ரொயிட்டுக்கு அருகே, இரவும் பகலும் ஆள் பார்க்கும் பராமரிப்பில் இருக்கிறார். பழைய நண்பர்கள் வந்தால் அடையாளம் கண்டு சிரிக்கிறார்.

(வகுப்பில் பனிப்போர் நடத்தும் ஆசிரிய நண்பர்கள் இதில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அந்த 28 வயது யோசனையை உயர்தர மாணவர்களிடம் விவாதத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் பேர் நின்றார்கள் என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.)